ஆறுதல் திருத்தம்

பேக்காமன் ஆடுகிறவர்களுக்கு ஒரு விநோதப் பழக்கம் உண்டு. தோற்றவன் உடனே எழுந்து வீட்டுக்குப் போக மாட்டான். ஜெயித்தவனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஆடிய ஆட்டம் முழுவதையும் கணினிக்குள் போட்டு, வாங்கிய அடியில் எவ்வளவு தன் கையால் வந்தது, எவ்வளவு பகடையால் வந்தது என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் செருப்பை மாட்டுவான். பகடைதான் காரணம் என்று வந்துவிட்டால் அவன் முகத்தில் ஒரு களை வரும். தோல்வி தோல்விதான், ஆனாலும் படுத்தால் தூக்கம் வரும்.

ஆட்டம் ஒன்றும் பெரிய மர்மமில்லை. ஆளுக்குப் பதினைந்து காய், இரண்டு பகடை. விழுகிற எண்ணுக்குத் தக்கபடி காய்களைப் பலகையைச் சுற்றி ஓட்டி, எல்லாவற்றையும் முதலில் வெளியேற்றுகிறவன் ஜெயித்தான். என்ன விழும் என்பது நம் கையில் இல்லை. விழுந்ததை வைத்து எந்தக் காயை நகர்த்துவது என்பது மட்டும்தான் நம் கையில். தாயம் உருட்டிப் பழகிய ஊரில் இதை ரொம்ப விளக்க வேண்டியதில்லை.

இப்படிப் பிரித்துப் பார்க்கிற மென்பொருள்களில் உரைகல் என்று ஒன்று. எழுதியவர் கோயம்புத்தூர் பீளமேட்டில் குடியிருந்த திருமூர்த்தி. பகலில் ஒரு பம்ப் கம்பெனியில் கணினி வேலை, மற்ற நேரமெல்லாம் உரைகல். அதைக் காசு வாங்காமல் உலகத்துக்கே கொடுத்திருந்தார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், குறை கண்டால் திருத்தலாம். அது ஒரு நகர்த்தலை எடுத்துக்கொண்டு, அந்த இடத்திலிருந்து தனக்குத்தானே ஆயிரமாயிரம் தடவை உருட்டி ஆடிப் பார்க்கும். வேறு காயை நகர்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதையும் அப்படியே ஆடிப் பார்க்கும். கடைசியில் கைப்பங்கு இவ்வளவு, பகடைப்பங்கு இவ்வளவு என்று சொல்லிவிடும். கை மோசமாகத் தவறியிருந்தால் சிவப்பு எழுத்தில் ‘பெருந்தவறு’ என்று போடும். தயவு தாட்சண்யம் கிடையாது. திருமூர்த்திக்கு அதில்தான் பெருமை.

அவருக்கு வலதுகையாக இருந்தவன் ஜெபராஜ். கல்யாணம் ஆனதும் ஓசி வேலை போதும் என்று நெர்விக்ஸ் என்கிற கம்பெனிக்குப் போய்விட்டான். அவர்களும் இதே வேலைக்கு ஒரு மென்பொருள் விற்றார்கள். மாதச் சந்தா, கண்ணைப் பறிக்கிற திரை, அந்தந்த ஊர்த் தமிழிலேயே காதுக்குள் பேசுகிற குரல். உரைகல்லோ சாம்பல் நிறத்தில் ஒரு ஜன்னல், அவ்வளவுதான். அதற்கு உருட்டிக் கொடுத்தது பெரிய கம்பெனிக் கணினிகள் அல்ல. உலகம் முழுக்க ஆர்வலர்கள் தங்கள் வீட்டுக் கணினி சும்மா இருக்கும் நேரத்தில் இரவல் கொடுத்தார்கள். ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். இணையத்தில் இரண்டு தரப்பும் அடித்துக்கொள்ளும். அது ஒரு பொழுதுபோக்கு.

அதுவரை எல்லாம் பலகையோடு போயிற்று. கைக்கடிகாரமும் போனும் காரும் தெருவிளக்கும் சேர்ந்து ஒவ்வொரு மனிதனின் நாளையும் பதிவு செய்து வைக்க ஆரம்பித்த காலம் அது. சேலத்தில் ஓட்டல் வைத்து நொடித்துப்போன ஒருவர், தன் கதையை ஏன் இதே மாதிரி உருட்டிப் பார்க்கக் கூடாது என்று யோசித்தார். உரைகல்தான் திறந்து கிடக்கிறதே. உள்ளே புகுந்து சில மாற்றங்களைச் செய்து, தன் பதிவுகளையெல்லாம் கொட்டி ஓட்டினார். பெரும்பங்கு பகடை என்று வந்தது. மனுஷன் அழுது தீர்த்துவிட்டு, பல வருஷத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன் என்று எழுதினார். அவ்வளவுதான். முறிந்த கல்யாணம், தவறிய பரீட்சை, பலிக்காத ஆபரேஷன் என்று ஊர் உலகமே தன் துக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

நெர்விக்ஸ் சும்மா இருக்குமா? வாழ்க்கைக்கென்றே தனிச் சந்தா போட்டார்கள். ஆறே மாதத்தில் உரைகல்லின் கூட்டம் கரைந்தது. கணினி இரவல் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, ஒரு கேள்விக்குப் பதில் வரவே அரைநாள் ஆயிற்று. வந்த பதிலும் சிவப்பு எழுத்தில் வந்து முகத்தில் அறைந்தது. நெர்விக்ஸில் போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் அந்த இதமான குரல் பேசியது. அங்கே போனவர்கள் எல்லோரும் எப்படி நிம்மதியாகத் திரும்புகிறார்கள் என்பதுதான் திருமூர்த்திக்கு இடித்தது. உலகத்தில் ஒருத்தன்கூடவா கை தவறவில்லை?

வாழ்க்கையில் இதை நிரூபிக்க வழியில்லை. எந்த மனிதனின் கதையையும் உண்மையில் இரண்டாம் முறை நடத்திப் பார்க்க முடியாது. ஆனால் பலகையில் முடியும். திருமூர்த்தி கிளப் நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து வேண்டுமென்றே மகா மட்டமாக ஆடித் தோற்றார். இருவர் பெயரிலும் நெர்விக்ஸ் சந்தா கட்டி, அதே ஆட்டத்தை இருவர் கணக்கிலும் போட்டார். ஜெயித்தவரிடம், உங்கள் திறமையால் ஜெயித்தீர்கள் என்றது. தோற்ற இவரிடம், நீங்கள் நன்றாகத்தான் ஆடினீர்கள், பகடைதான் கைவிட்டது என்றது. ஒரே ஆட்டம். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? வேறு வேறு ஆட்களை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அதே கதைதான்.

பிடித்துவிட்டோம் என்று அவர் குதித்திருக்க வேண்டும். குதிக்க முடியவில்லை. காரணம், யசோதா.

யசோதா அவர் மனைவி, தனியார் பள்ளியில் உயிரியல் டீச்சர். அவர்களுக்கு ஒரே மகள், மதிவதனி. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது டெங்குவில் போய்விட்டாள். திருமூர்த்தி அப்போது கொச்சியில் ஒரு போட்டியில் ஆடிக்கொண்டிருந்தார். சாயங்காலம் போனில் காய்ச்சல் விட்டுவிட்டது என்று கேட்டு சந்தோஷப்பட்டவர், விடிந்ததும் அதே போனில் ஆம்புலன்ஸ் சத்தத்தைத்தான் கேட்டார். யசோதா மகளைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அங்கே தீவிர சிகிச்சையில் படுக்கை இல்லை. அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் சும்மா போகவில்லை. நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாமே என்று கூடத்திலேயே உட்கார்ந்து பேசினார்கள். யசோதா அதைக் கேட்டுக்கொண்டு அசையாமல் இருந்ததைத் திருமூர்த்தி பார்த்தார். அந்த முகத்தை அவரால் மறக்க முடியவில்லை.

ஊரெல்லாம் தன் துக்கத்தை உரைகல்லில் போட்டுப் பார்த்தபோதும் அவர் மட்டும் தன் வீட்டுத் துக்கத்தைப் போடவில்லை. பயம். யசோதா எடுத்த முடிவுக்கு எதிரே அந்தச் சிவப்பு எழுத்து வந்துவிட்டால் அவள் உயிரோடு இருக்க மாட்டாள் என்று நினைத்தார். நினைத்தது மட்டுமல்ல, உறுதியாக நம்பினார்.

அந்த யசோதா ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயிலில் துணி காயப்போட்டுக்கொண்டே, மதிவதனியோட அந்த நாளை நெர்விக்ஸ்ல போட்டுப் பாக்கலாமுங்களா என்று கேட்டாள். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெர்விக்ஸா, நம் வீட்டிலா என்றார்.

“உரைகல் வேண்டாங்க. அது மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லும். நெர்விக்ஸ்ல போட்டு, ரெண்டு பேரும் சேந்து உக்காந்து கேப்போம். அதோட விட்டுருவோம். அப்புறம் இதப் பத்திப் பேசவே வேண்டாம்.”

பாவம், பொய்யாவது கிடைக்கட்டும் என்று தவிக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. அந்த நெர்விக்ஸின் குட்டு தன் மேஜைமேல் கிடக்கிறது என்பதை எப்படிச் சொல்வார்? பார்க்கலாம் என்று மழுப்பிவிட்டுக் கணினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரே ஆட்டத்தை ஓயாமல் இரண்டு கணக்கில் போடுகிற ஆசாமி யாரென்று கம்பெனிக்கும் தெரிந்துவிட்டது. ஜெபராஜ் போன் செய்து, அவிநாசி ரோட்டில் அவர்கள் பழைய பேக்கரிக்குக் கூப்பிட்டான். டீயும் தேங்காய் பன்னும் வந்தன. இருவரும் தொடவில்லை.

ஜெபராஜ் எதையும் மறுக்கவில்லை. அதற்கு உள்ளே ஒரு பெயரே இருக்கிறது என்றான், ஆறுதல் திருத்தம். இனி மாற்றவே முடியாத தவறு என்று இயந்திரத்துக்குத் தெரிந்தால், கைப்பங்கிலிருந்து பெரும்பகுதியை எடுத்துப் பகடைக் கணக்கில் போட்டுவிடும். மாற்றக்கூடிய தவறாக இருந்தால் உள்ளபடிதான் சொல்லும். பலகைக்கும் வாழ்க்கைக்கும் ஒரே இயந்திரம் என்பதால், முடிந்துபோன ஆட்டத்தையும் மாற்ற முடியாத தவறு என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அதில்தான் மாட்டிக்கொண்டோம் என்றான்.

“காசு குடுத்தா ஆறுதல், இல்லாட்டி இல்ல. இதுக்குப் பேரு திருத்தமா?” என்றார் திருமூர்த்தி.

“காசுக்குத்தானுங்ணா கம்பெனி பண்ணுது, நான் இல்லைங்கல. ஆனா இத எழுதுனது நானு. காசுக்காக எழுதலைங்ணா.” அவன் டம்ளரை நகர்த்தி வைத்தான். “பலகைல தோத்தவன் நாளைக்கு மறுபடி ஆடுவான். திருத்திக்க அவனுக்கு உண்மை வேணும். பிள்ளையப் பறிகுடுத்தவன் மறுபடி எங்க போய் ஆடுவான்? அவன்கிட்டப் போயி பெருந்தவறுன்னு சொல்லி என்னங்ணா ஆகப்போவுது?”

“அவன் உண்மையத் தெரிஞ்சுக்கத்தான வர்றான்?”

“இல்லைங்ணா. அவனுக்கு உண்மை முன்னாடியே தெரியும். அது இல்லைன்னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னுதான் வர்றான்.”

திருமூர்த்திக்குக் கோபம் வந்தது. அதில் பாதி, அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறதே என்கிற கோபம். நெர்விக்ஸ் பொய் சொல்கிறது என்று தெரிந்தே எத்தனை பேர் உரைகல்லை விட்டுப் போயிருப்பார்கள் என்று யோசித்தார். இத்தனை வருஷ உழைப்பு ஒரு பொய்யிடம் தோற்றுக்கொண்டிருக்கிறது. வெளியிடாதீங்ணா என்று ஜெபராஜ் கையைப் பிடித்துக் கேட்டான். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

வீட்டுக்கு வந்து யசோதாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வெளியிட வேண்டாங்க என்றாள் அவள். ஏன் என்று கேட்டதற்கு, ஊர்ல ஒரு பொய் இருந்துட்டுப் போகட்டுமே, உங்களுக்கு என்ன குறைஞ்சுபோச்சு என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. கல்யாணமான நாளாய் அவருடைய மென்பொருள் விஷயத்தில் அவள் இது வேண்டும், இது வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. யசோதாவுக்குப் பொய் தேவையா இல்லையா என்று பார்த்துவிடலாமே. அவள் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு பகலில் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தார். அந்த நாளின் பதிவுகளையெல்லாம் உரைகல்லில் ஏற்றினார். ஆடுகிறவர் யார் என்று அது கேட்டது. வாழ்க்கையை உருட்டும்போது ஆட்டக்காரர் ஒருவர்தான் இருக்க முடியும். மழை, பஸ், டாக்டர், சொந்தபந்தம் என்று மற்ற எல்லாமே அவருக்குப் பகடை. யசோதா என்று அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். சோறு இறங்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் முடியவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் முடிவு வந்தது. பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனது சரியான முடிவு. நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் வழியிலேயே முடிந்திருக்கும். கைப்பங்கில் ஒரு சின்னச் சறுக்கல், அதுவும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. மீதி முழுக்கப் பகடை.

திருமூர்த்தி மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். யசோதா குற்றமற்றவள். எந்தத் திருத்தமும் இல்லாமல், அப்பட்டமான கணக்கிலேயே குற்றமற்றவள். அவளுக்கு நெர்விக்ஸின் பிச்சை தேவையில்லை. அதற்கு மேல் அவருக்குத் தயக்கம் ஏது? கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரே ஆட்டத்துக்கு நெர்விக்ஸ் இரண்டு கணக்கிலும் சொன்ன முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உலகத்துக்கு வெளியிட்டுவிட்டார். பேக்காமன் ஆடத் தெரியாதவனுக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தார்.

உரைகல் ஜெயித்தது. அப்படியொரு ஜெயிப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. செய்திகளில் அவர் படம் வந்தது. விட்டுப்போனவர்களெல்லாம் கணினியை இரவல் தருகிறேன் என்று திரும்பி வந்தார்கள். அவர் ஓயாமல் போனில் பேசிக்கொண்டிருந்தார். யசோதா மட்டும் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். தட்டில் சோறு வைப்பாள், போய்விடுவாள். நல்ல சேதியை ஆற அமர உட்கார்ந்து சொல்ல வேண்டும், அவசரத்தில் சொல்லக் கூடாது என்று அவரும் நாளைக் கடத்தினார்.

நெர்விக்ஸ் முதலில் மறுத்தது, பிறகு மன்னிப்புக் கேட்டது. கடைசியில் யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தது. ஆறுதல் திருத்தத்தை எடுத்துவிட்டு, அதுவரை கொடுத்த முடிவுகள் அத்தனையையும் புதிதாகக் கணக்கிட்டு அவரவருக்கு அனுப்பிவைத்தது. நேர்மைக்குத் திரும்பிவிட்டோம் என்று ஒரு குறிப்பு வேறு. தங்களை மன்னித்துக்கொண்டு எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தவர்கள் காலையில் போனைத் திறந்தால் சிவப்பு எழுத்து. யாரும் கேட்கவில்லை, வேண்டாம் என்று சொல்ல வழியும் இல்லை.

திருப்பூரிலிருந்து ஒருவர் திருமூர்த்தி வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். வேனைப் பின்னால் எடுத்தபோது சக்கரத்தில் சிக்கியது அவருடைய பேரன். நெர்விக்ஸ் முன்பு பகடை என்று சொல்லியிருந்தது, இப்போது மாற்றிச் சொல்கிறது. எது நிஜம் என்று உங்க மென்பொருளிலேயே கேட்டுச் சொல்லிவிடுங்கள் என்றார். வேண்டாமே ஐயா என்று திருமூர்த்தி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் விடவில்லை. அவர் நாற்காலியில் காத்திருக்க, உரைகல் ஓடியது. அதுவும் அந்தப் புதிய முடிவையேதான் சொன்னது.

“நெசத்தச் சொன்னீங்க, நல்லதுங்க,” என்று அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் அவர் மனைவி போன் செய்து, உங்க வீட்டுக்கு வந்தவரு எங்க போறேன்னு ஏதாச்சும் சொன்னாருங்களா என்று கேட்டாள். சொல்லவில்லை என்றார் திருமூர்த்தி. போனை வைத்த கையோடு ஜெபராஜைக் கூப்பிட்டார். அவன் எடுக்கவில்லை.

இனித் தன்னிடம் நல்லதென்று மிச்சமிருப்பது ஒன்றுதான் என்று பட்டது. யசோதாவின் முடிவு. அதை இப்போதே அவளிடம் கொடுத்துவிட வேண்டும். உண்மையால் ஒரு ஆளாவது பிழைத்தது என்று ஆகட்டும். சாயங்காலம் அவள் பள்ளியிலிருந்து வந்து கைகால் கழுவியதும், கூப்பிட்டுக் கணினிக்கு முன்னால் உட்காரவைத்தார். உன்மேல் தப்பில்லை, நெர்விக்ஸ் சொல்லவில்லை, உரைகல் சொல்கிறது, நீ போன ஆஸ்பத்திரி சரி, எல்லாம் பகடை என்றார்.

யசோதா தலையை மட்டும் ஆட்டினாள். அவள் முகத்தில் எந்தக் களையும் வரவில்லை. நம்பவில்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்தார்.

“இரு, பகடையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டறேன். மோசமானது முதல்ல வரும். நீயே பாரு.”

“வேண்டாங்க, மூடுங்க,” என்றாள் யசோதா. அதற்குள் அவர் திறந்துவிட்டார். இத்தனை நாளும் அவர் கடைசி வரியை மட்டும்தான் பார்த்திருந்தார். எழுதியவனுக்கு அது போதும். பகடைகள் என்னென்ன என்று அவர் பார்க்கவே இல்லை.

படுக்கை இல்லாதது மூன்றாவதாக இருந்தது. ஆம்புலன்ஸ் வரத் தாமதமானது இரண்டாவது. முதலில் இருந்தது, முந்தைய சாயங்காலத்து ஒரு போன். யசோதாவுக்கு அன்று விழுந்த மிக மோசமான பகடை அதுதான் என்று உரைகல் போட்டிருந்தது. பேசியவர் பெயருக்கு நேரே திருமூர்த்தி என்று இருந்தது.

கீழே பேச்சும் இருந்தது. காய்ச்சல் விட்டுருச்சுங்க, ஆனா வயிறு வலிக்குதுங்கறா, ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டா, கையெல்லாம் சில்லுன்னு இருக்குது, இப்பவே அட்மிட் பண்ணிரட்டுமா என்று யசோதா கேட்டிருக்கிறாள். காய்ச்சல்தான் விட்டுருச்சுல்ல, தூங்க விடு, காலைல நான் வந்து பாத்துக்கறேன், இங்க செமிஃபைனல் ஆரம்பிக்கப்போகுது என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தப் போனில் அவருக்கு நினைவிருந்தது காய்ச்சல் விட்டதும், தான் சந்தோஷப்பட்டதும்தான். மீதியைச் சுத்தமாக மறந்திருந்தார். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்து என்று பிற்பாடு எத்தனையோ தடவை படித்திருக்கிறார். அப்போதும் நினைவு வரவில்லை.

“உனக்கு இது...” என்று ஆரம்பித்தார்.

“உரைகல் இலவசந்தானுங்க? யார் வேணா ஓட்டலாம்னு நீங்கதான சொல்லுவீங்க. அவ நம்மள விட்டுப் போன வருஷமே ஓட்டிட்டேன்.” யசோதா திரையைப் பார்க்காமல் பேசினாள். “முதல்ல என்னைய வச்சு ஓட்டுனேன். அப்புறம் உங்கள வச்சு ஓட்டுனேன்.”

அவரை வைத்து ஓட்டியதில் என்ன வந்தது என்று அவர் கேட்கவில்லை. அது என்ன நிறத்தில் வந்திருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தவரே அவர்தானே.

“எனக்காக நான் நெர்விக்ஸ் கேக்கலீங்க,” என்றாள் யசோதா. “என்னிக்கோ ஒரு நாள் நீங்க இத ஓட்டிப் பாத்துருவீங்கன்னு பயந்துட்டே இருந்தேன். அதுக்கு முன்னாடி உங்க பேர்ல நெர்விக்ஸ்ல கேட்டுட்டா, அது பகடைன்னு சொல்லிரும். பொய்னு தெரிஞ்சாலும், தனக்குச் சாதகமா வந்தா யாருதான் நம்ப மாட்டாங்க? நீங்களும் நம்பிட்டு அதோட விட்டுருவீங்கன்னு நெனச்சேன். வெளியிடாதீங்கன்னு சொன்னது அதுக்குத்தான்.”

வெளியே பள்ளிக்கூட வேன் ஒன்று பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போயிற்று. உன் குற்றமில்லை என்று சொல்லி அவளைக் காப்பாற்ற வந்தவர் திருமூர்த்தி. அவளோ அத்தனை வருஷமும் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். இந்த உலகத்தில் தனக்காக அவள் வைத்திருந்த ஒரே பொய்யைத் தன் கையாலேயே உடைத்திருக்கிறோம் என்பது மெல்ல மெல்ல அவருக்கு உறைத்தது.

“நெர்விக்ஸ்ல கேட்டியா, என் பேர்ல?”

“கேட்டேன். சந்தா கட்டி வாங்கி வச்சிருந்தேன், உங்களுக்குக் காட்டலாம்னு. போன வாரம் திருத்துன முடிவுன்னு ஒண்ணு அனுப்பியிருந்தாங்க. அத நான் திறக்கல.”

“பழசு இருக்கா?”

அவள் தயங்கினாள். இருக்குதுங்க, குரலைப் பதிவு பண்ணி வச்சிருக்கேன், இப்ப எதுக்கு அது என்றாள். போடு என்றார் அவர். யசோதா போனை எடுத்துத் தேடினாள், அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள். கோயம்புத்தூர்த் தமிழில் ஒரு பெண் குரல், பக்கத்து வீட்டுக்காரி பேசுகிற மாதிரி அவ்வளவு பரிவாகப் பேசியது.

“உங்கமேல தப்பு ஒண்ணுமில்லீங்க. அன்னிக்கு உங்களுக்குத் தெரிஞ்சத வச்சு எந்த அப்பாவும் அதத்தான் சொல்லியிருப்பாரு. பகடை அப்படி விழுந்துருச்சு. மனசப் போட்டு வருத்திக்காதீங்க.”

ஒவ்வொரு சொல்லும் எப்படிச் செய்யப்பட்டது என்று திருமூர்த்திக்குத் தெரியும். கைப்பங்கிலிருந்து எவ்வளவை எடுத்து எங்கே போட்டிருப்பார்கள் என்பதை அவரே உலகத்துக்கு விளக்கியிருக்கிறார். குரல் நின்றது. அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவை போடு,” என்றார்.